மூன்று ஸ்கேன், மூன்று முடிவு: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 46. மேலூரில் இரும்புக் கடை நடத்துகிறேன். உயரம் 165 செ.மீ., எடை 78 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கும், ஓராண்டாகக் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். மதுப் பழக்கம் இல்லை. சென்ற ஆண்டு சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த வயிற்று ஸ்கேனில் கல்லீரல் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தார்கள். மூன்று மாதங்களுக்கு முன் மதுரையில் முழு உடல் பரிசோதனை செய்தபோது ‘கிரேடு 1 ஃபேட்டி லிவர்’ என்றார்கள். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடந்தது. காலையில் பொங்கல், வடை சாப்பிட்டுவிட்டுப் போய் அங்கே ஃபைப்ரோஸ்கேன் எடுத்துக்கொண்டேன். கொழுப்பு 286, ‘எஸ்3’ என்றும், கல்லீரல் இறுக்கம் 9.1 என்றும் வந்தது. ‘இப்படியே விட்டால் சிரோசிஸில் கொண்டுபோய் விடும்’ என்றார் அங்கிருந்தவர். அன்று முதல் சரியான தூக்கமில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டுமா? மைத்துனர், கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லிச் சாறு குடிக்கச் சொல்கிறார். என் மகனுக்கு 19 வயது, எடை 92 கிலோ. அவனுக்கும் பார்த்துவிட வேண்டும் என்கிறார் மனைவி. எல்லா அறிக்கைகளின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு,

நீங்கள் அனுப்பிய நகல்களை வரி விடாமல் பார்த்தேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கும் 9.1 என்ற எண், எடுக்கப்பட்ட விதத்திலேயே நம்பத் தகுந்ததாக இல்லை. ஆகவே அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அந்த ஒரு பரிசோதனையை மட்டும் முறையாக, வெறும் வயிற்றில் மறுபடி எடுங்கள். எம்.ஆர்.ஐ. இப்போது தேவையில்லை. சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியும் தேவையில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதற்கான காரணங்களைக் கீழே எழுதுகிறேன். ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பும் பலருக்கும் அவை பயன்படக்கூடும்.

கொழுப்புக் கல்லீரல் உள்ள ஒருவரிடம் ஸ்கேன் விடை தேட வேண்டிய கேள்விகள் இரண்டு. கல்லீரலில் கொழுப்பு எவ்வளவு படிந்திருக்கிறது என்பது ஒன்று. அந்தக் கொழுப்பால் ஏற்பட்ட அழற்சி ஆறும்போது கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது மற்றொன்று. கொழுப்பு வரும், போகும். எடை குறைந்தால் சில மாதங்களிலேயே கரையத் தொடங்கும். தழும்பு அப்படியல்ல. அது ஆண்டுக்கணக்கில் மெல்லப் பெருகி, கடைசியில் கல்லீரலைச் சுருங்க வைப்பதைத்தான் சிரோசிஸ் என்கிறோம். கொழுப்பு படிந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நிலைக்குப் போவதே இல்லை. போகக்கூடியவர்கள் யார் என்பதைக் கொழுப்பின் அளவு சொல்வதில்லை, தழும்பின் அளவே சொல்கிறது. உங்கள் அறிக்கைகளில் ‘நார்மல்’, ‘கிரேடு 1’, ‘286’, ‘எஸ்3’ ஆகிய அனைத்தும் கொழுப்பைப் பற்றியவை. தழும்பைப் பற்றிப் பேசுவது 9.1 என்ற எண் ஒன்றுதான். முகாமில் இருந்தவர் எஸ்3 என்பதைக் காட்டிச் சிரோசிஸ் என்று பயமுறுத்தியிருந்தால், அவர் இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார்.

சென்ற ஆண்டு ‘நார்மல்’, இந்த ஆண்டு ‘கிரேடு 1’ என்பதை முதலில் பார்ப்போம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் நாங்கள் கல்லீரலின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. வலப்பக்க விலா எலும்புகளின் இடுக்கில் ஜெல் தடவிய கருவியை வைத்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும்போது, கல்லீரலும் அதன் அடியில் வலது சிறுநீரகமும் ஒரே படத்தில் அடுத்தடுத்துத் தெரியும். இயல்பான நிலையில் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். கொழுப்பு ஒலியலைகளை அதிகமாகச் சிதறடிப்பதால் கல்லீரல் சிறுநீரகத்தைவிட வெளுத்துத் தெரியும். அதுவே கிரேடு 1. அந்த வெளுப்பில் உள்ளே ஓடும் இரத்தக்குழாய்களின் சுவர்கள் மங்கிப் போனால் கிரேடு 2. ஒலியலை உள்ளேயே தேய்ந்துபோய், கல்லீரலுக்குப் பின்னால் உள்ள உதரவிதானத்தின் கோடுகூடத் தெரியாமல் போனால் கிரேடு 3. இவை மூன்றும் பார்ப்பவரின் கண் மதிப்பீடுதான். ஒரே நபரை ஒரே நாளில் பார்த்து ஒரு மருத்துவர் கிரேடு 1 என்றும் மற்றொருவர் கிரேடு 2 என்றும் எழுதுவது எங்கள் துறையில் அதிசயமல்ல. எந்திரத்தில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானும் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதைவிட முக்கியமான குறைபாடு ஒன்று உண்டு. கல்லீரல் செல்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பு இருந்தாலே அதைக் கொழுப்புக் கல்லீரல் என்று கணக்கிடுகிறோம். ஆனால் கொழுப்பு 20 முதல் 30 விழுக்காட்டை எட்டிய பிறகுதான் அல்ட்ராசவுண்டின் கண்ணில் அது தெளிவாகப் படும். இடைப்பட்ட நிலையில் இருப்பவர்களில் பலருக்கு ‘நார்மல்’ என்ற அறிக்கையே கிடைக்கும். சென்ற ஆண்டு உங்கள் கல்லீரலில் கொழுப்பு இல்லவே இல்லை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. போதுமான அளவு தெரியவில்லை என்றுதான் சொல்லலாம். அதிலும் அன்று தேடப்பட்டது சிறுநீரகக் கல். எனவே இரண்டு அறிக்கைகளும் சரியாகவே இருக்கலாம்; ஓராண்டில் நோய் பாய்ந்து முன்னேறிவிட்டது என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை.

அடுத்தது ஃபைப்ரோஸ்கேன். பிரான்சில் உருவாகி 2003 முதல் பயன்பாட்டில் இருக்கும் இந்தக் கருவி படம் எடுக்கும் எந்திரமல்ல. சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்கிறார்களே, ஏறக்குறைய அதே வேலையைத்தான் இது செய்கிறது. கருவியின் முனை விலா இடுக்கில் மெல்ல ஒரு தட்டு தட்டும். அந்த அதிர்வு, விநாடிக்கு 50 சுழற்சிகள் என்ற அளவில், கல்லீரலுக்குள் அலையாக ஓடும். அலை ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கும். தழும்பு விழுந்து இறுகிய கல்லீரலில் அலை விரைவாகவும், மென்மையான கல்லீரலில் மெதுவாகவும் ஓடும். அந்த வேகத்தைக் கிலோபாஸ்கல் என்ற அலகில் மாற்றித் தருவதுதான் உங்கள் அறிக்கையில் உள்ள 9.1. பயாப்சியில் எடுக்கும் துணுக்கு முழுக் கல்லீரலில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். இந்தக் கருவி அதைப் போல நூறு மடங்கு பெரிய பகுதியை, ஊசியும் வலியும் இல்லாமல் அளக்கிறது. நல்ல கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு; உங்கள் விஷயத்தில் அவை காற்றில் பறந்திருக்கின்றன.

முதல் நிபந்தனை வெறும் வயிறு. சாப்பிட்டதும் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் இரத்தம் பெருகும். இரத்தம் நிறைந்த கல்லீரல், தழும்பே இல்லாவிட்டாலும் இறுகியதுபோல் எண்ணைக் காட்டும். அதனால் குறைந்தது மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். நீங்கள் பொங்கலும் வடையும் சாப்பிட்டுவிட்டு, அறிக்கையில் அச்சாகியிருக்கும் நேரப்படி காலை 10.40 மணிக்குப் படுத்திருக்கிறீர்கள். முகாமில் யாரும் இதைக் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது நிபந்தனையை அறிக்கையின் அடியில் சிறிய எழுத்தில் காணலாம். கருவி குறைந்தது பத்து முறை செல்லத்தக்க அளவீடு எடுத்து, அவற்றின் நடு எண்ணைத் தருகிறது. அந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை ‘ஐ.க்யூ.ஆர்.’ என்ற வரியில் விழுக்காடாகக் காட்டும். அது 30க்குள் இருந்தால்தான், உங்களுக்கு வந்திருப்பது போன்ற கூடுதலான எண்ணை நம்பலாம். உங்கள் தாளில் 38 என்று இருக்கிறது. பத்து அளவீடுகளும் பத்துத் திசையில் போயிருக்கின்றன என்று இதற்குப் பொருள். மூன்றாவதாக, தோலுக்கும் கல்லீரலுக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி உள்ளவர்களுக்கு ‘எக்ஸ்.எல்.’ என்ற முனையைப் பயன்படுத்த வேண்டும். உங்களுக்குச் சாதாரண ‘எம்’ முனையே பயன்பட்டிருக்கிறது. உங்கள் உடல் எடைக் குறியீடு 28க்கு மேல் இருப்பதால் எது பொருத்தம் என்பதை அங்கேயே சோதித்திருக்க வேண்டும்.

‘கிரேடு 1’ என்று ஒருவரும் ‘எஸ்3’ என்று மற்றொருவரும் சொன்னதற்கு வருகிறேன். ஃபைப்ரோஸ்கேன் கொழுப்பையும் டெசிபல் கணக்கில் ஓர் எண்ணாகத் தருகிறது. 100 முதல் 400 வரை அது போகும். ஏறத்தாழ 248க்கு மேல் எஸ்1, 268க்கு மேல் எஸ்2, 280க்கு மேல் எஸ்3 என்று எல்லைகள் வகுத்திருக்கிறார்கள். எஸ்2வுக்கும் எஸ்3க்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள், வெறும் பன்னிரண்டு புள்ளிகள். கூடுதல் எடையும் சர்க்கரை நோயும் இந்த எண்ணைச் சற்று ஏற்றிவிடும் என்பதும் தெரிந்த விஷயம். உங்களுக்கு இரண்டும் உண்டு. கொழுப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில் இந்த எண் கெட்டிக்காரத்தனமாகவே இருக்கிறது. அது லேசா, நடுத்தரமா, கடுமையா என்று பிரிப்பதில் தடுமாறும். கொழுப்பு இருப்பது உண்மை என்று மட்டும் எடுத்துக்கொண்டு, எஸ்3 என்ற எழுத்தை மறந்துவிடுங்கள்.

இத்தனை எந்திரங்களுக்கும் முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு சோதனைக்கு எந்திரமே வேண்டாம். உங்கள் முழு உடல் பரிசோதனை அறிக்கையில் அதற்கான எல்லா எண்களும் ஏற்கனவே இருக்கின்றன. ‘ஃபிப்-4’ என்று அதற்குப் பெயர். கல்லீரல் இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு நொதிகளின் அளவு இருக்கும். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்கிக்கொள்ள வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரக் கணக்கில் எடுத்து, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதலில் வந்த தொகையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். உங்கள் வயது 46, எஸ்.ஜி.ஓ.டி. 38, பெருக்கினால் 1748. எஸ்.ஜி.பி.டி. 52, அதன் வர்க்கமூலம் 7.21, பிளேட்லெட் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம், அதாவது 240, பெருக்கினால் சுமார் 1730. வகுத்தால் 1.01 வருகிறது. இது 1.3க்குக் கீழே இருந்தால், முற்றிய தழும்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேலே போனால் கல்லீரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இடையில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த கட்டச் சோதனை தேவை. 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 1.3க்குப் பதிலாக 2.0 என்று வைத்துக்கொள்கிறோம்.

உங்கள் 1.01 ஆறுதலான எண். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களில் சிலரை இந்தக் கணக்கு தவறவிட்டுவிடுவதும் உண்டு. அதனாலும், 9.1 என்ற எண் ஏற்கனவே காகிதத்தில் ஏறிவிட்டதாலும், ஃபைப்ரோஸ்கேனை மறுமுறை எடுக்கச் சொல்கிறேன். காலை ஆகாரத்துக்கு முன் முதல் ஆளாகப் போய், காபிகூடக் குடிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 8க்குக் கீழே வந்தால் முற்றிய தழும்பு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். என் எதிர்பார்ப்பும் அதுதான். 8க்கும் 12க்கும் நடுவே நின்றால், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் குடல்-இரைப்பை நோய்ப் பிரிவிலோ, நீங்கள் நம்பும் கல்லீரல் மருத்துவரிடமோ எல்லா அறிக்கைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். 12ஐத் தாண்டினால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். எப்படி வந்தாலும், எஸ்.ஜி.பி.டி. சற்றுக் கூடியிருப்பதால் ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்குமான இரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். உங்கள் கோப்பில் அது இல்லை. கொழுப்பு இருக்கிறது என்பதற்காக வேறு நோய் இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஃபைப்ரோஸ்கேனின் எல்லையையும் சொல்ல வேண்டும். முற்றிய தழும்பு இல்லை என்று சொல்வதில் அது தேர்ந்தது. தழும்பே இல்லாத கல்லீரலையும், இப்போதுதான் லேசாகத் தழும்பு விழத் தொடங்கியிருக்கும் கல்லீரலையும் பிரித்துக் காட்டுவதில் அவ்வளவு திறமை போதாது. ஆகவே 5.5 வந்தது, ஆறு மாதம் கழித்து 6.2 ஆகிவிட்டது என்று பதறுவதில் பொருளில்லை.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொழுப்பை அளப்பதில் இன்று இருக்கும் முறைகளிலேயே துல்லியமானது அதுதான். நீரிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் வரும் சமிக்ஞைகளைப் பிரித்து, கல்லீரல் முழுவதிலும் எத்தனை விழுக்காடு கொழுப்பு என்று அது சொல்லிவிடும். அல்ட்ராசவுண்ட் தவறவிடும் 5 விழுக்காட்டையும் பிடித்துவிடும். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில், கொழுப்பு முன்பிருந்ததில் 30 விழுக்காடாவது குறைந்ததா என்று பார்க்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உங்களுக்குக் கொழுப்பு இருக்கிறது என்பது ஏற்கனவே தெரிந்துவிட்டது. அது 14 விழுக்காடா, 17 விழுக்காடா என்று தெரிந்துகொள்ளப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்தாலும் சிகிச்சையில் ஒரு மாற்றமும் வரப்போவதில்லை. எம்.ஆர்.ஐ. எந்திரத்திலேயே இறுக்கத்தையும் அளக்கும் வசதி உண்டு. மறுபடி எடுக்கும் ஃபைப்ரோஸ்கேனும் தெளிவில்லாமல் போனால் உங்கள் மருத்துவர் அதைப் பற்றி யோசிக்கலாம். பயாப்சியின் இடம் அதற்கும் பின்னால்தான். சி.டி. ஸ்கேனை இதற்காக எடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள். கதிர்வீச்சுக்கு உட்பட்டு அல்ட்ராசவுண்டைவிடக் கூடுதலாக எதுவும் அறியப்போவதில்லை.

முகாம்களைப் பற்றி ஒரு வார்த்தை. இலவசமாகச் சோதனை செய்வதில் குற்றம் காண மாட்டேன். 2021 பிப்ரவரியில் மத்திய சுகாதார அமைச்சகமே தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரலையும் சேர்த்துவிட்டது. நோயை முன்கூட்டியே கண்டறிய வேண்டும் என்பது அரசின் கொள்கையாகவும் ஆகிவிட்டது. ஆனால் சாப்பிட்டாரா என்று கேட்காமல் ஆளைப் படுக்கவைத்து, எண்ணை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதைக் கண்டறிதல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மைத்துனரின் யோசனைக்கு வருகிறேன். கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் மாரடைப்பாலும் பிற இதய நோய்களாலும் இறப்பதுதான் கல்லீரல் கெட்டு இறப்பதைவிட அதிகம். சர்க்கரை நோயும் சேர்ந்திருக்கும் உங்களுக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை இதயத்தைக் காப்பதற்காகவே தரப்பட்டிருக்கிறது. ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அந்த மாத்திரையைக் கொழுப்புக் கல்லீரலில் தாராளமாகத் தொடரலாம், எஸ்.ஜி.பி.டி. 52 என்பது அதை நிறுத்தும் அளவு அல்ல. கீழாநெல்லியைக் காமாலைக்குக் கொடுப்பது நம் பக்கத்தில் நெடுநாள் வழக்கம்தான் என்றாலும், கல்லீரல் தழும்பை அது மாற்றும் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று இல்லை. கல்லீரலுக்கு நல்லது என்று யாரோ அரைத்துக் கொடுக்கும் கலவைகளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் குடித்து, கல்லீரல் வீங்கி வந்தவர்களை ஸ்கேன் மேசையில் பார்த்திருக்கிறேன்.

மருந்துக்கு முன்னால் எடை. உங்கள் 78 கிலோவில் 7 முதல் 10 விழுக்காடு, அதாவது ஐந்தரை முதல் எட்டு கிலோ வரை குறைந்தால் கொழுப்பு மட்டுமல்லாமல் அழற்சியும் அடங்கத் தொடங்கும். பத்து விழுக்காட்டை எட்டினால் தழும்புகூடக் குறைய வாய்ப்புண்டு. ஓராண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அவசரமில்லை. இரவில் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிடும் பரோட்டாவையும் சால்னாவையும் மாதத்துக்கு ஒரு நாள் என்று தள்ளிவைப்பதும், கடையில் உட்கார்ந்தபடி குடிக்கும் சர்க்கரை போட்ட டீயை விடுவதும் நல்ல தொடக்கம். ஜிகர்தண்டாவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.2 என்று இருக்கிறது. அதைச் சர்க்கரை மருத்துவரிடம் காட்டி, எடையையும் சேர்த்துக் குறைக்கும் மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

மறுபடி எடுத்த எண் சரியாக இருந்தால், கிரேடு குறைந்ததா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஸ்கேன் எடுக்காதீர்கள். அந்தப் பணம் வீண். ஓரிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்கும்போதே ஃபிப்-4 கணக்குக்கான மூன்று பரிசோதனைகளையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

மகனைப் பொறுத்தவரை உங்கள் மனைவி சொல்வது சரி. தந்தைக்குச் சர்க்கரை நோயும் கொழுப்புக் கல்லீரலும் இருக்கும்போது, 19 வயதில் 92 கிலோ என்பதைக் கவனித்தே ஆக வேண்டும். அவரது இடுப்புச் சுற்றளவை ஒரு தையல் டேப்பால் அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை. ஃபிப்-4 கணக்கை அவருக்குப் போட வேண்டாம். 35 வயதுக்குக் கீழே அது சரியாக வேலை செய்யாது. ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கல்லீரல் இரத்தப் பரிசோதனை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொலஸ்ட்ரால் ஆகிய நான்கையும் பார்த்தால் இப்போதைக்குப் போதும். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கிறது என்பதற்காகக் கல்லீரலும் சரியாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், கொழுப்புக் கல்லீரல் உள்ள பலருக்கு அது இயல்பாகவே இருக்கும். ஸ்கேனில் கொழுப்பு தெரிந்து, எஸ்.ஜி.பி.டி.யும் கூடியிருந்தால் அவரையும் வெறும் வயிற்றில் ஃபைப்ரோஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். அப்போது எந்த முனை பொருத்தம் என்று சோதித்துப் பார்க்கும்படி கேட்டு, ஐ.க்யூ.ஆர். வரி அச்சான முழு அறிக்கையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.